மச்சான், வராதீங்க

அப்பாவுக்கு எங்கள் ஊர்க் காவிரிக் கதவணையில் வேலை. ஷட்டரைத் தூக்குமுன் சங்கு ஊதி, யாரும் ஆற்றுக்குள் வராதீர்கள் என்று மைக்கில் இரு கரைக்கும் சொல்வதும் அவர்தான். வீட்டில் வாயே திறக்காத மனிதர், மைக்கைப் பிடித்தால் கலெக்டரே தோற்றுப்போவார்.

எனக்குக் காதுகுத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் ஊர் அக்கரையில். கதவணைமேல் பாலத்தில் அப்போது ஆட்களை விடமாட்டார்கள். தேங்கிய தண்ணீரில் விசைப்படகு ஓடும். மாமன் சீர்த்தட்டுகளோடு அதில் வருவதாக ஏற்பாடு. அம்மா விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நானோ ஊசிக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டு திரிந்தேன்.

பாழாய்ப்போன அன்றைக்கென்று பார்த்து மேட்டூரில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். லீவு போட்டிருந்த அப்பாவை ஜீப் வந்து அழைத்துப்போனது. ஷட்டரைத் தூக்கினால் படகை இழுத்துக்கொண்டு போய்விடும். சங்கு ஊதி, வழக்கமான அறிவிப்பையும் சொல்லி முடித்தார். அப்படியும் சீர்க்கூட்டம் படகில் ஏறுவதைப் பார்த்ததும் அவருக்குப் பதறிவிட்டது. மைக்கிலேயே கத்தினார்.

"மச்சான், வராதீங்க. நீங்க வராதீங்க மச்சான்."

ஆற்றுக்குள் என்ற ஒரு சொல் விட்டுப்போயிற்று. அவ்வளவுதான். சீரோடு வந்த தாய்மாமனை வீட்டுக்காரரே வரவேண்டாம் என்றதை இரண்டு கரையும் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தும் விட்டார்களாம். மாமன் தட்டுகளோடு திரும்பிவிட்டார். சாயங்காலம் சொந்தக்காரர் ஒருவர் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"ஊருக்கே கேக்கறாப்பல வராதீங்கன்னு சொன்ன ஊட்டுக்கு நான் எதுக்கு வாரதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

ஆற்றைத்தானே சொன்னேன் என்று அப்பா சாகும்வரை புலம்பினார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டும் மாமன் முகம் கொடுக்கவில்லை. அம்மாவுக்குப் பிறந்த வீடு அன்றோடு இல்லாமல் போனது. அப்பா கத்தியிருக்காவிட்டால் அத்தனை பேரையும் ஆறு கொண்டுபோயிருக்கும். இதை யாராவது மாமனிடம் ஆற அமர எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? ஊசி தப்பிய குஷியில் தெருவெல்லாம் ஓடிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். ஆக்கிய சோறு வீணாகிவிட்டதே என்று அழுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாமன் இனிமேல் வரவே மாட்டாரா என்று ஆசையாகக் கேட்டேன்.

"வரமாட்டாரு சாமி."

நான் கைதட்டினேன்.