தெரிஞ்சுதான் செய்யிறன்

நான் சமையல்காரனாக இருந்த சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டார்கள். பையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து வந்து பஸ் ஏறினேன். வெள்ளவத்தையில் ஒரு கடையில் பாத்திரம் கழுவ ஆள் தேடினார்கள். போவதா என்று முடிவாகவில்லை.

பக்கத்தில் இருந்தவர் மெலிந்தவர். உடைந்த மூக்குக்கண்ணாடிக் காலை நூலால் சுற்றியிருந்தார். மடியில் லப்டொப். தட்டுவார், இடையிடையே "தெரிஞ்சுதான் செய்யிறன்" என்பார்.

"ஆரோட அண்ணை கதைக்கிறீங்கள்?"

"இந்தக் கொம்பியூட்டரோடதான். புரோகிராம் எழுதுறன். முழு எண் மட்டும் வைக்கிற பெட்டிக்குள்ள தசம எண்ணைப் போட இது விடாது. தசமம் போனாப் பரவாயில்லை எண்டு நான் எழுதிக் குடுக்கோணும்."

"குடுத்தா?"

"வெட்டிப்போட்டு உள்ள விடும். ஒன்பது தசம் ஒன்பதும் ஒன்பதுதான்."

"திருப்பி எடுக்கேலாதா?"

"தசமம் வைக்கிற பெரிய பெட்டிக்கு மாத்தலாம். போன தசமம் வராது, தம்பி. பிறகு மிசினை ஏசக் கூடாதெண்டுதான் வாய்விட்டுச் சொல்லுறனான்."

பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டார். பெயர் கேட்கவில்லை. எதை வெட்டிக்கொண்டிருந்தாரோ, அதுவும் தெரியாது.

மறுநாள் காலை வெள்ளவத்தை முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சமையல்காரன் எண்டுறாய். பாத்திரம் கழுவுவியா?"

"தெரிஞ்சுதான் வந்தனான்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன்.