மாவுத் தொட்டியில் விழுந்தவர்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில் இருந்த ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரியில் சென்னியப்பனுக்கு வேலை. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்த பால் தொட்டியில் தெளிந்ததும், அடியில் படிந்த மாவை வெட்டி எடுத்துக் களத்துக்குச் சுமக்க வேண்டும். பெருத்த உடம்பு, குட்டைக் கழுத்து. ஆனாலும் ஈரமாவுக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் வழுக்குத் தரையில் பூனை மாதிரி நடப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி அங்கே வந்து இறங்கியது. வேலைவெட்டி இல்லாமல் ஊரைச் சுற்றும் மூன்று பேரைப் பற்றிய தமாஷ் படம். டைரக்டர் சென்னியப்பனைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "நீங்க ஒண்ணும் நடிக்க வேணாம். எப்பவும் போல கூடையைத் தூக்கிட்டு நடங்க, போதும்."

நடந்தார். பின்னாலிருந்து ஒருவன் காலை இடறிவிடுவான் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டிப் பாலுக்குள் குப்புற விழுந்து, மூக்கிலும் வாயிலும் வெள்ளையாக வழிய, மூச்சுக்குத் தவித்து விழித்தார். "பிரமாதம்!" என்றார் டைரக்டர். எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்துவைத்தார்.

படம் வந்ததும் பெஞ்சாதி பாவாயியைக் கூட்டிக்கொண்டு ராசிபுரம் போனார். புதுத் துண்டு போட்டிருந்தார். திரையில் அந்த மூவரும் முதலில் அவருடைய தூக்குப்போசியைத் திருடிச் சோற்றைத் தின்றார்கள். அப்புறம் இடறிவிட்டார்கள். விழித்த முகம் திரை முழுக்க வந்தது. கொட்டகையே விசிலடித்தது. உடனே பாட்டு. கடைசியில் மூவருக்கும் பணக்கார வீட்டுப் பெண்களோடு கல்யாணம்.

திரும்பும்போது பாவாயி கேட்டாள். "ஏனுங்க, உழுந்தவன் எந்திரிச்சானா, பசியோட ஊட்டுக்குப் போனானான்னு காட்டவே இல்லீங்களே. சோத்தத் திருடித் தின்னவனுக்கு மாலையாமா?"

"சிரிக்கறதுக்கு எடுத்ததுதானே, புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் அவர் பெயர் 'மாவுமூட்டை'. கூடவே கூடை சுமந்த மாதையன், ஒரு நாள் மத்தியானம் மற்றவர்கள் பார்க்கட்டும் என்று படத்தில் வந்த மாதிரியே காலை நீட்டினான். அன்று தொட்டியில் பால் இல்லை. கெட்டி மாவும் சிமெண்ட் விளிம்பும்தான்.

"ஐயோ, இடுப்பு... தூக்குங்கடா!"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சினிமாவுல பண்ணுனாப்பலயே பண்றாருடா!" சத்தம் வராமல் அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். அதற்கும் சிரித்தார்கள். கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த மாரக்காள்தான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அடப் பாவிகளா, மனுசன் அழுவறாருடா!"

இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. முதலாளி இரக்கப்பட்டு கேட்டில் காவலுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். வருகிற வியாபாரிகளிடமெல்லாம், "படத்துல வந்தாரே, அவருதானுங்க இவரு" என்பார். "சென்னியப்பா, அந்த மூஞ்சிய ஒருக்கா காட்டு சாமி."

கொஞ்ச காலம் காட்டினார். ஒரு தீபாவளிக்கு முதலாளியின் சம்பந்தி குடும்பம் காரில் வந்தபோது, "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

"என்னப்பா முடியாது? சிரிப்புக்குத்தான கேக்கறாங்க."

"எனக்குச் சிரிப்பு வல்லீங்க."

கோலை ஊன்றி எழுந்து வெளியே நடந்தார். இடுப்பை இழுத்து இழுத்து அவர் போவதைப் பார்த்து, காரிலிருந்த குழந்தைகள் கைதட்டின.

வேலை அத்தோடு போயிற்று. அடுத்த வாரம் பாவாயி கிழங்கு தோலுரிக்கப் போனாள், அதே பேக்டரிக்கு.