பங்குக் கிணறும் நாங்கள் கொடுத்த சோலார் மிசினும்

ஆனி மாதம் இரண்டாம் கிழமை நான் வடமராட்சிக்குப் போனது கோயில் கும்பிடவோ கடல் குளிக்கவோ அல்ல. போன வருடம் இந்த வலைப்பதிவை வாசிக்கிற நீங்களும் நானும் சேர்ந்து ஒரு தோட்டக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் சோலார் மிசின் வாங்கிக் கொடுத்தோமே, அதைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கிணற்றுக்கும் ஒன்று கொடுக்கலாம், முதலில் படம் எடுத்துப் போடுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். படம் எடுக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வழக்கம்போல கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்தான். காலை ஆறரைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஏழு பத்துக்குப் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன். நெல்லியடிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம், நூற்றைம்பது ரூபா. வலப்பக்க யன்னலோரம் இருந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், இடப்பக்கம் பிடியுங்கள்.

நெல்லியடிச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பெரிய வான் ஒன்று இயந்திரம் ஓடியபடி நின்றது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. நான் இடியப்பம் சாப்பிட்டு எழும்பி வந்தபோதும் அது உறுமிக்கொண்டுதான் நின்றது. நாக்கு சும்மா இருக்கவில்லை.

“அண்ணை, ஆக்களில்லாத வானுக்கு என்னத்துக்கு ஏசி?”

“அவை வந்து ஏறேக்கை குளிராய் இருக்கவேணும் தங்கச்சி. வெளிநாட்டு ஆக்கள், எங்கடை வெயில் தாங்கமாட்டினம்,” என்றார் சாரதி.

நல்ல கதை! வெயிலைக் கூட்டிவிட்டு, அதிலிருந்து தப்ப இன்னும் கொஞ்சம் டீசல் எரிக்கிறார்கள். அவரோடு கதைத்துப் பயனில்லை என்று ஓட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீற்றர், அறுநூறு ரூபா. ஏற முதலே விலை பேசிக்கொள்ளுங்கள்.

யோகமக்கா நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர் காணியில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறவர். நாங்கள் மிசின் கொடுத்த கிணறு அவரையும் சேர்த்து நாலு குடும்பங்களுக்குப் பொதுவானது. யாருக்கு எத்தனை பங்கு என்று காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். நாலு நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் முறை. உங்கள் முறையில் இன்னொருவர் கிணற்றுக் கட்டைத் தொடவே மாட்டார். நீங்கள் இறைக்காமல் விட்டால் அந்த முறை போனது போனதுதான், அடுத்த நாளில் கேட்க முடியாது. இந்த ஒழுங்கு மட்டும் இல்லாவிட்டால் அந்த ஊரில் எத்தனை மண்டை உடைந்திருக்குமோ தெரியாது.

போன வருடம் நான் பார்த்த பச்சைத் தோட்டம் இல்லை. வெங்காயத்தாள் எல்லாம் நுனி கருகிச் சுருண்டு கிடந்தது. யோகமக்கா ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

“வாயிலை விட்டுப் பார் பிள்ளை.”

விட்டேன், துப்பினேன். சவர்த் தண்ணீர். கடல் தண்ணீரை அள்ளிக் குடித்த மாதிரி கரித்தது.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர்தான், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. முந்தி மழை ஆறுதலாகப் பெய்து நிலத்துக்குள் இறங்கும். போன கார்த்திகையில் ஒரே கிழமையில் கொட்டி, வெள்ளமாகக் கடலுக்கு ஓடியது. பிறகு துளியும் இல்லை. மேலே உள்ள நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இழுத்தால் அடியில் உள்ள உப்பு ஏறிவிடும். அப்படியிருக்க யார் இழுத்தது?

“முந்தி மண்ணெண்ணெய் மிசின். ரெண்டு மணித்தியாலம் ஓடினாலே எண்ணெய்ச் செலவு நெஞ்சை அடைக்கும், நிப்பாட்டிப்போடுவம். இப்ப வெயில்தானே இறைக்குது. முறை எண்டால் காலமை துவங்கிப் பொழுதுபடுமட்டும் ஓடுது,” என்றார் யோகமக்கா.

“நீங்களுமோ அக்கா?”

“ஓம், நானுந்தான். என்ரை முறையை நான் ஏன் விடவேணும்? விட்டால் திரும்பி வரவே போகுது?”

புகை குறையும், எண்ணெய் மிச்சம் என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று அந்த நாலு வீட்டையும் இருத்தி ஒரு வார்த்தை கதைத்தேனா? இல்லை. மாலை போட்டு, படம் எடுத்து, பால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மடைச்சி!

அன்று அடுத்த காணிக்காரர் சிவபாலனின் முறை. அவருடைய பாத்தி நிரம்பி, வாழையடி நிரம்பி, தண்ணீர் வெளியே ஒழுங்கைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேரே போனேன்.

“அண்ணை, உந்த மிசினை நிப்பாட்டுங்கோ! கிணறு சாகுது, கண் தெரியேல்லையோ?”

அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. “தங்கச்சி, உங்களுக்கு இந்தக் கிணத்திலை பங்கு இருக்கோ?”

யோகமக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். “விடு பிள்ளை, அவற்றை முறை.” தன் வெங்காயம் கருகும்போதும் அடுத்தவர் முறைக்கு அப்படி ஒரு மரியாதை! எனக்கு அவர் மேலும் கோபம்தான் வந்தது.

இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் யோகமக்காவின் முறை. காலை ஏழுக்கு மிசினைப் போட்டு, இரண்டு பரப்புக்கு மட்டும் தண்ணீர் கட்டி, எட்டரைக்கு நிப்பாட்டிவிட்டார். மற்ற இரண்டு பரப்பும் காய்ந்தபடி கிடந்தன. பத்து மணியளவில் சிவபாலன் வந்தார்.

“மிசின் பழுதோ அக்கா?”

“இல்லை.”

“அப்ப நீங்கள் இறைக்கேல்லை எண்டால் நான் கொஞ்ச நேரம் போடட்டோ? வெயில் சும்மா போகுது.”

“தம்பி, இண்டைக்கு முறை என்ரை. அதை நான் கிணத்துக்குக் குடுத்திட்டன். மிசினைத் தொட்டியோ, கையை முறிப்பன்.”

சிவபாலன் மிசினைப் பார்த்தார், யோகமக்காவைப் பார்த்தார். அடுத்தவர் முறையில் கை வைக்க அவராலும் முடியாது. முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

“சோலார் கூடாது” என்று யாரும் கீழே வந்து எழுதவேண்டாம், அழித்துவிடுவேன். மண்ணெண்ணெய்ப் புகை போனது நல்லதுதான். ஆனால் மிசின் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் பங்குக்காரர் எல்லாரையும் இருத்தி, எத்தனை மணித்தியாலம் என்று முடிவெடுக்க வையுங்கள். தானாக நிற்கிற நேரக் கருவி ஒன்றையும் சேர்த்தே பூட்டுங்கள். அது நடக்கும்வரை இரண்டாவது மிசின் கிடையாது. போகிறவர்கள் பஸ்ஸில் போங்கள், வானில்தான் போவோம் என்றால் சாப்பிடும் நேரமாவது அதை நிப்பாட்டுங்கள். குடிதண்ணீர் கையில் கொண்டு போங்கள், அங்கே பவுசர் லொறி வந்தால்தான் தண்ணீர்.

திரும்பி வர ஓட்டோ வந்து நின்றபோது யோகமக்கா தண்ணீர் கட்டாத பாத்தியில் நின்று ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்லிக்காய் அளவுகூட விளையவில்லை.

“இன்னும் எத்தனை முறை இப்பிடி விடப் போறியள் அக்கா?”

“சவர் இறங்குமட்டும்.”

“மற்ற மூண்டு வீடும் விடாட்டில்?”

“அப்ப என்ரை வெங்காயம் மட்டும் சாகும்,” என்றார்.