இடம் மாறிய கிடை

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, பேச்சு நின்றுவிடும். அப்படித்தான் சித்தப்பாவோடு பேச்சு நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாகம் பிரித்தபோது புஞ்சையில் ஓடைப் பக்கம் யாருக்கு என்று வந்த வினை. அது சித்தப்பாவுக்குப் போயிற்று. இருவரும் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில் உட்கார்ந்து, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று ஒரே குரலில் ஜெபம் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போவார்கள்.

இதில் நஷ்டம் எனக்குத்தான். சித்தி தலை பின்னிவிட்டால் சாயங்காலம் வரை கலையாது. அம்மா பின்னினால் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்குள் ரிப்பன் தோளில் கிடக்கும். அந்த வீட்டுக்குப் போகாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் அதைத் தாண்டும்போது குனிந்த தலை நிமிராமல் ஓடுவேன். சித்தி வாசலில் நின்றால் இன்னும் வேகமாக ஓடுவேன். அவளைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பங்குனியில் மிளகாயும் பருத்தியும் எடுத்து முடிந்து, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்கிடை போடுகிற காலம் அது. மந்தை முழுவதும் ராத்திரி ஒரு புஞ்சையில் அடைந்து கிடந்தால், அதன் புழுக்கையும் மூத்திரமும்தான் அடுத்த வெள்ளாமைக்கு உரம். மந்தைக்குத் தலைவரான கீதாரியைப் பிடிக்க ஊரே போட்டி போடும். அப்பா தை மாசமே அவரிடம் சொல்லி வைத்திருந்தார். ஒற்றைப் பனைக்கு மேற்கே என்று அடையாளமும் சொல்லியிருந்தார்.

கிடை போட்ட அன்று அப்பா ஊரில் இல்லை. வத்தல் மூட்டைகளோடு விளாத்திகுளம் போயிருந்தார். கீதாரியிடம் செல்போனும் கிடையாது. பாகம் பிரிப்பதற்கு முன்பெல்லாம் அவர் எங்கள் புஞ்சையில் ஓடைப் பக்கமாகத்தான் கிடை போடுவார், ஆடுகளுக்குத் தண்ணீர் பக்கம் என்று. பழக்கம் லேசில் விடுமா? பனைக்குக் கிழக்கே, சித்தப்பாவின் புஞ்சையில் மந்தையை அடைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சித்தப்பா எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். பின்னாலேயே சித்தி.

"மதினி, அண்ணன் எங்க? எம் பிஞ்சையில கெடை போடச் சொன்னாவளாமே."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எங்கள் அம்மா புரியாத நேரத்தில் காப்பி போடுகிறவள். காப்பி குடித்து முடித்தும் சித்தப்பா எழுந்திருக்கவில்லை. மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பா, தம்பி எழுந்து நிற்பதைக் கண்டு நடையிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே," என்றார் சித்தப்பா.

"இரு, சாப்பிட்டுட்டுப் போ," என்றார் அப்பா.

அவர்கள் போன பிறகுதான் அம்மா கிடை விஷயத்தைச் சொன்னாள். அப்பா பதறிப்போனார். "நான் எங்கட்டி சொன்னேன்? நம்ம பிஞ்சைக்குல்லா சொல்லியிருந்தேன்!"

"மெல்லப் பேசுங்க. இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் அவிய படியேறியிருக்காவ. பேசாம இருந்துருங்க."

அப்பா பேசாமல் இருந்தார். அது அவருக்குக் கைவந்த கலை. அந்த வாரம் முழுவதும் சித்திதான் எனக்குத் தலை பின்னினாள். என் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள், அப்பா தம்பிக்குக் கிடை கொடுத்தார் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் அவை. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். பகைத்தவனுக்கும் நன்மை செய்வதைப் பற்றி அன்று ஐயர் பிரசங்கம் செய்தார். வழக்கமாகப் பாதிப் பேர் தூங்குவார்கள். அன்று அவர், "தனக்கு வேண்டிய உரத்தைத் தம்பி நிலத்துக்குக் கொடுத்த ஒருத்தர் நம்ம சபையிலயே இருக்காரு," என்றதும் சபை மொத்தமும் திரும்பி அப்பாவைப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

பிரசங்கத்தின் நடுவே எங்கள் கோயிலில் யாரும் எழுந்ததில்லை, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைத் தவிர. அப்பா எழுந்தார்.

"ஐயரே, அது எம் பிஞ்சைக்குச் சொன்ன கெடை. கீதாரி எடம் மாத்திப் போட்டுட்டாரு. தம்பிக்குச் செய்யணும்னு நான் நெனைக்கல. இத்தன நாளும் அவன நல்லபடியா நெனச்சதே இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா முக்காட்டை முகம் வரை இழுத்துக்கொண்டாள். எனக்கு அப்பாவைக் கண்டாலே ஆத்திரமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சித்தி எங்களுக்கு இருந்திருப்பாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாரே.

ஆராதனை முடிந்து கோயிலில் நாங்கள் வழக்கமாகப் போகிற வாசலுக்கு வந்தபோது சித்தப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு மொதல்லயே தெரியும்ணே," என்றார் சித்தப்பா. "அன்னைக்கு விடிஞ்சதுமே கீதாரி வந்து, எடம் மாத்தி அடைச்சுட்டேன், அண்ணாச்சி வைவாருன்னு கையப் பெசஞ்சான். நான்தான் வெளிய சொல்லாதன்னேன்."

"தெரிஞ்சும் ஏம்லே வீட்டுக்கு வந்த?"

"வேற என்னத்தச் சொல்லிட்டு ஒன் வீட்டுப் படியேற?"

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. உரம் போன துக்கம்தான் இப்படி வெளியே வருகிறது என்று நினைத்தேன். ஊர் பார்க்கிறதே என்று எனக்கு மானம் போயிற்று. அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்கப்பா. நாளைக்கே நாம போயி கூடையில அள்ளிட்டு வந்துருவோம்."

சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். துண்டுக்குள் அப்பாவும் சிரித்தார். சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சாணிக்கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா பல் விளக்கிவிட்டு, சித்தப்பா வீட்டுப் பக்கமாக நடந்து போனார். கூடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு உரத்தையும் இப்படிச் சும்மா விட்டுவிட்டாரே என்று அந்த வருஷம் முழுவதும் எனக்கு அப்பா மேல் வருத்தம்.