ஸ்டிக்கர் ஒட்டாத அத்தியாயம்

எங்கள் பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிற சாருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாதம் ஒரு பேய் நாவல் எழுதுவார். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, அந்தச் சின்னப் புத்தகம். பல்லடம் பஸ்ஸில் நின்றபடி அதைப் படித்து ஸ்டாப்பைத் தவறவிட்டவள் நான். அதை எழுதினவர் எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறார் என்று தெரிந்த அன்று, இல்லாத வேலையைச் சொல்லிக்கொண்டு மூன்று தடவை போய் எட்டிப் பார்த்தேன். ஒல்லியான ஆள். டிபன் பாக்ஸில் தயிர்சாதம். பல்லியைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். இந்த மனுஷனா ஊரையே பயமுறுத்துகிறார் என்று எனக்கு ஆச்சரியம் அடங்கவே இல்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏனுங்க சார், பயப்படறதுக்குன்னு ஒரு புக்கை எதுக்குங்க தேடித் தேடிப் படிக்கறோம்?"

"நீங்க எதுக்குங்க அம்மிணி படிக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

படிக்கும்போது கால் வலி தெரியாது என்றேன். உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

போன வருஷம் அவரே எங்கள் செக்கிங் டேபிளுக்கு வந்தார். கையில் பிரிண்ட் எடுத்த காகிதக் கட்டு. இப்போதெல்லாம் யாரும் பயப்படுவதில்லை, இந்த நாவலும் பயமுறுத்தவில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டாராம். "எழுதலீன்னா நான் வெறும் இன்வாய்ஸ் அடிக்கற ஆளுங்க" என்றார். பாவமாக இருந்தது.

"படிச்சுட்டு, எங்கெங்க பயமா இருக்குதோ அங்க ஒரு அடையாளம் வெச்சுக் குடுங்க" என்றார்.

எங்கள் டேபிளில் ஆறு பெண்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் சத்தமாகப் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். எங்கள் வேலை என்னவென்றால், தைத்து வருகிற பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அங்கே சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. வருஷக்கணக்காக ஒட்டி ஒட்டி, குறை கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும். அவருடைய காகிதத்திலும் போனது.

செத்துப்போன டெய்லர் நடு ராத்திரியில் மிஷின் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தார். "கரண்ட் கட்டுன்னு மேல எழுதியிருக்காரே, மிஷின் எப்படி ஓடுச்சு?" என்றாள் ஒருத்தி. ஒட்டு ஸ்டிக்கர். நாற்பது மிஷின் ஓடுகிற ஹாலில் பேயின் கொலுசுச் சத்தம் கேட்கிறது. "பக்கத்துல நின்னு கத்துனாலே கேக்காது!" ஒட்டு. ஒரே வாரத்தில் கட்டு முழுக்கச் சிவப்பு.

வாங்கிப் பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை எடத்துலயா பயந்தீங்க?"

அப்போதுதான் அவர் கேட்டதும் நாங்கள் செய்ததும் வேறு என்று உறைத்தது. மற்ற ஐந்து பேரும் நல்ல பிள்ளைகளாகக் குனிந்து பனியன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் மாட்டினேன்.

"தப்பாயிருச்சுங்க சார். கைப்பழக்கம். ஒட்டுனதெல்லாம் சரியில்லாத எடமுங்க."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. "இதை விட்டுட்டீங்களா? பேயே வரலீன்னு நானே எடுத்துடலாம்னு இருந்தேன்" என்றார்.

அதில் ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். வாசலில் விளையாடும் அவள் குழந்தை நிமிர்ந்து பார்த்து, "யாருங்க வேணும்? அம்மா உள்ள சமைக்கறாங்க" என்கிறது. உள்ளேயிருந்து, "யாரு சாமி?" என்று அவளுடைய குரலே கேட்கிறது.

"படிச்சமுங்க சார். அன்னிக்கு யாரும் சோறு திங்கலீங்க" என்றேன்.

நாங்கள் ஆறு பேருமே விடிகாலையிலிருந்து ராத்திரி வரை ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர பிள்ளைகளை விழித்த முகமாகப் பார்ப்பது அபூர்வம். அதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, அந்த அத்தியாயத்திலிருந்து புதிதாக எழுதினார். புத்தகம் வந்து சில நாளிலேயே பஸ் ஸ்டாண்ட் கடையில் தீர்ந்துபோயிருந்தது. பதிப்பாளர் அடுத்த நாவல் கேட்டுவிட்டார். ஆனாலும் நேராக என்னிடம் வந்து, "பயமா இருந்துச்சுங்களா?" என்றுதான் கேட்டார்.

சொன்னேன். புத்தகத்தைப் படித்து முடித்த அன்று கம்பெனியில் ஒரு ஷிப்டோடு விட்டுவிட்டார்கள். வெயில் இன்னும் தாழவில்லை. வாசலுக்கு முதுகு காட்டி மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிடப் பயந்து வாசலிலேயே நின்றேன். அவளாகத் திரும்பி, "ஏம்மா அங்கயே நிக்கறே?" என்று கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினேன்.

கேட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பயந்ததில் அவ்வளவு சந்தோஷம். கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போனது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இதை எழுதாதீங்க சார். இது கதையில்லீங்க, என்ற சொந்த ஊடு."

பேனாவை விட்டுவிட்டார். அடுத்த மாத நாவல் வந்ததும் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என்னையும் மகளையும் தேடினேன். நாங்கள் இல்லை. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.