சாம்பிள் ஒப்புட்டு

திருப்பூர்ப் பக்கம் ஒரு முதலாளி பெருத்தால் யாரும் கவலைப்படுவதில்லை. தொழில் நன்றாகப் போகிறது என்று விட்டுவிடுவார்கள். இளைத்தால்தான் வம்பு. இளைப்புக்குக் காரணம் இருந்தாக வேண்டும். கேட்டுச் சொல்லாவிட்டால் ஊர் தானாகவே ஒன்றைத் தைத்துப் போட்டுவிடும், அளவுகூட எடுக்காமல்.

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மகுடேஸ்வரன், போன தீபாவளிக்கும் இந்தச் சித்திரைக்கும் நடுவில் பாதி ஆளாகிப் போனார். "ஆர்டர் கையை விட்டுப் போயிருக்கும்" என்றது டீக்கடை. "சர்க்கரை முத்திப் போச்சு" என்றது மெடிக்கல் ஷாப். "வேறெங்கியோ ஒரு சின்ன ஊடு இருக்குதாமா" என்றது சலூன். இந்த மூன்றில் மூன்றாவது மட்டும் மகுடேஸ்வரனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்திருந்தது.

உண்மையில் நடந்தது வேறு. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ அளவுக்குத் தைத்து அனுப்பியிருந்தார்கள். இது அவருக்கும், மனைவி மருதாளுக்கும், மகள் தேவிப்பிரியாவுக்கும் மட்டுமே தெரியும். வெளியே கேட்டவர்களுக்கெல்லாம் மருதாள் ஒரே பதிலை வைத்திருந்தார்: "கொள்ளு ரசமுங்க. காத்தால ஒரு டம்ளர், பொழுதோட ஒரு டம்ளர். அப்பறம் வாக்கிங்." இதை நம்பி பல்லடம் சாலையில் எத்தனையோ முதலாளிகள் கொள்ளு ரசம் குடித்தார்கள். யாரும் இளைக்கவில்லை. அவர்களுடைய அலுவலக அறைகளில் ஜன்னல் திறந்து வைக்கும் பழக்கம் மட்டும் வந்தது.

மகுடேஸ்வரன் அவிநாசிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பத்தாவதை முடித்ததும் திருப்பூருக்கு வந்து, டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தார். அப்போது அவரை மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தலாம். அப்புறம் கம்பெனி வளர்ந்தது, கூடவே அவரும் வளர்ந்தார். புது மெஷின் வந்தால் லட்டு, கன்டெய்னர் கிளம்பினால் மைசூர்பாகு, சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் பால்கோவா. ஆர்டர் கேன்சலானால் மனசு தேற ஒரு ஜாங்கிரி. கடைசியில் முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா சொன்னார்: "எல்லாம் கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடலாம் சார். இனிப்பு மட்டும் வேண்டாம். டம்பிங் ஆயிரும்."

தவறு நடந்தது இங்கேதான்.

மகுடேஸ்வரன் வருடக்கணக்காக ஏற்றுமதியாளர் கூட்டங்களில் உட்கார்ந்தவர். டம்பிங் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரன் தன் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து நம் ஊரில் மலைமலையாகக் கொட்டுவது. டாக்டரம்மா விளக்கத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியுமுங்க டாக்டர். அதுக்காகத்தான் நாங்க டெல்லிக்கே மனுக் குடுத்திருக்கறோம்."

டாக்டரம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருக்கலாம். சர்க்கரை சட்டென்று குடலுக்குள் இறங்கி, வேர்த்து, படபடத்து, ஆளைக் கட்டிலில் தள்ளுவதற்கும் அதே பெயர் உண்டு என்பது மகுடேஸ்வரன் காதில் விழாமலே போய்விட்டது.

அவர் யோசித்த விதத்தில் குற்றம் சொல்ல முடியாது. மொத்தமாகக் கொட்டினால்தான் டம்பிங். சாம்பிள் அனுப்பினால் எந்த நாட்டுச் சட்டத்திலும் அது டம்பிங் ஆகாது. ஆகவே சாம்பிள் சாப்பிடலாம்.

சாம்பிள் கொண்டுவரும் பொறுப்பு காசிமாயனிடம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர். சாயங்காலம் டீ நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் சாம்பிள் கவரோடு முதலாளி அறைக்குள் நுழைவார். கவருக்குள் மேலே ஒரு டி-சர்ட், கீழே ஒரு மைசூர்பாகு.

மகுடேஸ்வரன் நகக்கண் அளவு கிள்ளி நாக்குக்கு அடியில் வைப்பார். கண்ணை மூடுவார். துணியை இரு விரலில் தேய்த்துப் பார்ப்பவரைப் போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: "பினிஷிங் பரவால்ல." அல்லது, "நெய்யில கலப்படம். ரிஜெக்ட்." எந்தத் தீர்ப்பானாலும் மிச்சம் காசிமாயன் நீட்டிய உள்ளங்கைக்குப் போகும்.

மருதாள் அதே கம்பெனியில் பேக்கிங்கைப் பார்த்துக்கொள்பவர். நூறு பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவர். முதலில் அவர் கண்ணில் பட்டவை எறும்புகள். சாம்பிள் அலமாரியில் சாரி சாரியாக ஏறி, குழந்தைகள் டி-சர்ட் ஒன்றின் காலருக்குள் போய்க்கொண்டிருந்தன.

"ஏனுங்க, சாம்பிள் துணியில எறும்பு எதுக்குங்க வருது?"

"காட்டன் அம்மிணி. சுத்தமான காட்டன். அதுக்குத் தெரியுதல்ல."

அடுத்துக் கண்ணில் பட்டவர் காசிமாயன். கணவர் இளைக்க இளைக்க, இவர் பெருத்துக்கொண்டே வந்தார்.

"ஏப்பா காசிமாயா, சட்டை பட்டன் தெறிக்கப் பாக்குது?"

"துணி சுருங்கிருச்சுக்கா."

"எல்லாச் சட்டையுமா?"

"எல்லாம் ஒரே லாட்டுக்கா."

மருதாள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயப்பட வேண்டும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் தேவிப்பிரியாவின் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை நித்தீஷ், சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கும் அர்த்தநாரியின் மகன். பிள்ளைகள் இருவரும் கல்லூரியிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். ஜாதகம் பின்னால் வந்து ஒத்துப்போனது. இது முறிந்தால் இன்னொருத்தர் முன்னால் காபித் தட்டோடு நிற்கமாட்டேன் என்று தேவிப்பிரியா தாயிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் உப்புச்சர்க்கரைக்கு நாள் குறித்தாயிற்று. அது முடிந்தால் பேச்சு உறுதி.

நாள் நெருங்கும்போது அர்த்தநாரி போன் செய்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. ஆளு ரொம்ப எளைச்சுப் போயிட்டீங்கன்னு பேசிக்கறாங்க. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"கொள்ளு ரசமுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

"அதுதான் நானும் குடிக்கறனுங்க" என்றார் அர்த்தநாரி. அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

வீட்டில் அவசர ஆலோசனை கூடியது. "உள்ளதச் சொல்லிப்போடலாம்மா" என்றாள் தேவிப்பிரியா.

"நீ சும்மா இரு கண்ணு. வயித்துல ஆபரேஷன்னு நாம ஒரு வார்த்தை சொன்னா, அது சாமளாபுரம் போறதுக்குள்ள கேன்சராயிரும். அப்பறம் பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க." மருதாள் கணவர் பக்கம் திரும்பினார். "ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கு ஒப்புட்டு போடாம இருக்க முடியாது. நீங்க தொடக்கூடாது. தொடலீன்னா சர்க்கரைம்பாங்க. தொட்டு மயங்குனா அதவிட மோசமா ஏதோ ஒண்ணும்பாங்க. ஒரு சின்ன விள்ளல், வாயில வெச்ச மாதிரி காட்டுங்க. உங்களால முடியுமுங்களா?"

"முயற்சி பண்றேன்" என்றார் மகுடேஸ்வரன், மிகுந்த அடக்கத்தோடு.

உப்புச்சர்க்கரை நாள் வந்தது. சாமளாபுரத்திலிருந்து மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் இரண்டு காரில் வந்திறங்கினார்கள். முதல் காரிலிருந்து அர்த்தநாரி இறங்கியதும் கார் ஒரு சாண் உயர்ந்தது. மகுடேஸ்வரனின் பழைய எடைக்குக் கொஞ்சமும் குறையாத உடம்பு. நேராக வந்து மகுடேஸ்வரனுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வாயாக, இடைவெளி விட்டுக் குடிப்பதைப் பார்த்தார். பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டைகளைப் பார்த்தார். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர் பெண்ணை ஒரு தடவையும் பெண்ணின் அப்பாவை ஓயாமலும் பார்ப்பது எந்த ஊர் வழக்கமும் இல்லை.

மருதாள் ஒப்புட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கடலைப்பருப்பும் வெல்லமும் ஏலக்காயும் வைத்துத் தட்டி, மேலே நெய் ஊற்றிய போளி.

"நீங்க எடுங்க சம்பந்தி. அப்பறந்தானுங்க நானு" என்றார் அர்த்தநாரி.

மகுடேஸ்வரன் நகக்கண் அளவு கிள்ளி நாக்குக்கு அடியில் வைத்தார். அவரை அறியாமலே கண் மூடிக்கொண்டது. அவரை அறியாமலே வாயும் திறந்தது.

"பினிஷிங் பரவால்ல."

ஒத்தாசைக்கு வந்து பக்கத்தில் தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்த காசிமாயன், அவரும் தன்னை அறியாமல், சொம்பை இடக்கைக்கு மாற்றிவிட்டு வலது உள்ளங்கையை நீட்டினார்.

மருதாள் அந்தக் கையைப் பார்த்தார். அதன் சொந்தக்காரரைப் பார்த்தார். கை மெதுவாகச் சொம்புக்குத் திரும்பியது.

"இதென்னுங்க, கோழி கொத்துன மாதிரி? சக்கரை இல்லீன்னா ஒரு முழு ஒப்புட்டுச் சாப்புட்டுக் காட்டுங்க பாக்கலாம்" என்றார் அர்த்தநாரி, சிரித்துக்கொண்டே. கண் சிரிக்கவில்லை.

மகுடேஸ்வரன் மகளைப் பார்த்தார். கதவோரம் நின்ற தேவிப்பிரியா, 'வேண்டாம்ப்பா' என்று தலையசைத்தாள். ஆனால் அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. அவர் அந்த விரல்களை மட்டும் பார்த்தார். ஒரு முழு ஒப்புட்டை எடுத்து, நெய் சொட்டச் சொட்ட, கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் முகங்கள் தெளிந்தன. அர்த்தநாரி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பேச்சு பஞ்சு விலையைத் தாண்டி, மின்கட்டணத்துக்கு வந்தபோது மகுடேஸ்வரனின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சட்டை, சாயப்பட்டறையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் நனைந்தது. நெஞ்சு தறி ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது. எழுந்து இரண்டடி வைத்தார், சோபாவிலேயே சரிந்தார். டம்பிங் என்றால் உண்மையில் என்ன என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஐயோ, நெஞ்சு வலிங்களா?" என்று அலறினார் அர்த்தநாரியின் மனைவி குழந்தையம்மாள்.

"நெஞ்சு இல்லீங்க, வயிறு!" என்றார் மருதாள், கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. இனி மறைக்க வழியில்லை. "கொள்ளு ரசமும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. ஆபரேஷன். வயித்தப் புடிச்சுத் தச்சுக் கொறச்சிருக்குதுங்க. நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா ஆல்ட்ரேஷன். இனிப்புத் தின்னா இப்பிடி வரும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும். வேற ஒரு சீக்கும் இல்லீங்க. மறைச்சது தப்புதான். எம்பொண்ணு சொல்லலாம்னுதான் சொன்னா."

தேவிப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார் அர்த்தநாரி. கடிகாரத்தை மறுபடியும் பார்த்தார். "கால் மணி நேரந்தான் ஆச்சு. நான் இன்னும் லேட்டாகும்னு நெனச்சனுங்க."

இப்போது குழந்தையம்மாள் திரும்பினார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க எதுக்கு மணி பாக்கறீங்க?"

அர்த்தநாரிக்கு ஏமாற்ற நேரம் போதவில்லை. "எனக்கும் அதே ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்கறாங்க புள்ளே. இனிப்புத் தின்னா என்னாகும்னு கேட்டேன். அவங்க சொன்னத நான் நம்பல. சம்பந்தியப் பாத்தா அதே ஆபரேஷன் ஆன அறிகுறி. ஒரு துணிய வாங்கறதுக்கு முன்னால ஒரு துண்டு வெட்டித் தண்ணியில நனைச்சுப் பாக்கறதில்லீங்களா?"

"அப்ப அந்தக் கொள்ளு?" என்றார் குழந்தையம்மாள். "தெனமும் அரைச்சு அரைச்சு எங் கையே தேஞ்சு போச்சே! அது யாரை ஏமாத்த?"

"எங்கூட்டுக்காரரு உசுர வெச்சா நனைச்சுப் பாத்தீங்க?" என்று மருதாள் எழப் பார்த்தார். மடியில் தலை இருந்ததால் முடியவில்லை. இதுவரை அந்தப் பக்கம் முறியுமோ என்றிருந்த சம்பந்தம், இப்போது இந்தப் பக்கம் கிழியத் தொடங்கியது.

அதற்குள் தேவிப்பிரியா உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "ரெண்டு அப்பாவுக்கும் ஒரே வியாதி, ஒரே ஆபரேஷன், ஒரே பொய். இதுக்கு மேலயும் பொருத்தம் பாக்கோணுமாம்மா?"

முதலில் சிரித்தவன் நித்தீஷ். அப்புறம் குழந்தையம்மாள். சோபாவில் படுத்தபடியே மகுடேஸ்வரன் கையை நீட்டினார். அர்த்தநாரி அதைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுப்போடுங்க சம்பந்தி" என்றார். தட்டு மாறியது. சர்க்கரை இருந்த ஓரத்தை மட்டும் மருதாள் தன் கையால் மறைத்துப் பிடித்திருந்தார்.

விருந்தாளிகளின் கார்கள் போன பிறகு மகுடேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற திருப்தியும் வந்திருந்தது.

மருதாள் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏனுங்க, முழு ஒப்புட்டு உங்கள ஆளையே சாச்சுது. அந்த மொத விள்ளல் மட்டும் ஒண்ணும் பண்ணலியே?"

"அது... சின்னதல்ல அம்மிணி."

"எவ்வளவு சின்னதா இருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மகுடேஸ்வரன் காசிமாயனைப் பார்த்தார். காசிமாயன் மின்விசிறியைப் பார்த்தார். மருதாள் இருவரையும் பார்க்கவில்லை. காசிமாயனின் சட்டைப் பைக்குள்ளிருந்து வெளியே வந்து, பட்டன் பட்டனாக இறங்கிக்கொண்டிருந்த ஒற்றை எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.