உறைபனி படியாத புல்

ரொட்டோருவாவின் தென்கோடித் தெருக்களில் பால் வண்டி ஓட்டிய ரஹேராவுக்கு, எந்த வீட்டில் எத்தனை புட்டி பால் செலவாகும் என்பதைக் காட்டிலும், எந்த வீட்டுப் புல்லில் உறைபனி எப்படிப் படியும் என்பது துல்லியமாகத் தெரியும். தென்கோளத்தில் குளிர்காலமான ஜூலை மாதத்து விடியலில் தெருவே உப்புக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். நிலத்தடியில் சூடு ஓடும் இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கும். நிலம் பொய் சொல்லாது. மனிதர் சொல்வார்கள் என்பது அவளுடைய உறுதியான எண்ணம்.

அந்த எண்ணத்துக்குக் காரணம் கோஹுவா. ஊர் நடுவே கொதிக்கும் ஊற்றுக்கு அதுதான் பெயர். பானை என்று பொருள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த ஊற்றில் வெந்த சோளமும் இறைச்சியும் படைப்பது ரஹேராவின் குடும்பத்தார் கடமை. ஊற்றின் விளிம்புக் கல்லில் மூன்று கோடுகள் உண்டு. அவள் தகப்பன் காலத்தில் நீர் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு வீட்டுக்கு வீடு ஆழ்துளை போட்டு, அறைகளைச் சூடாக்க வெந்நீரை உறிஞ்சினார்கள். நீர் கோடு கோடாக இறங்கியது. ஊற்றுகளைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளையெல்லாம் சிமெண்ட் ஊற்றி அடைக்க அரசு உத்தரவிட்டு, இது இரண்டாவது குளிர்காலம். மற்ற ஊற்றுகள் தேறிவிட்டன. கோஹுவா மட்டும் தேறவில்லை. இந்த ஜூலையில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இன்னொரு விரல் இறங்கியிருந்தது.

யாரோ இன்னும் திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறார்கள். ரஹேரா வண்டியை மெதுவாக ஓட்டத் தொடங்கினாள். புகை வராத புகைபோக்கி, அதிகாலையிலேயே வியர்த்திருக்கும் கண்ணாடி, குளிர்காலத்திலும் காயும் துணி: எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. கைகுலுக்கியவர்களின் உள்ளங்கையைக்கூட, கதகதப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

எட்டாம் நாள் அகப்பட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் லாட்டிமரின் வெளுத்த புல்வெளியில், வேலியிலிருந்து சாக்கடை வரை ஒரு முழ அகலத்துக்குப் பச்சைக் கோடு. அதன்மேல் அவருடைய செம்பூனை நீட்டிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது.

ரஹேரா கதவைத் தட்டினாள்.

"என்னம்மா, பால்காரி கதவைத் தட்டினா பால் விலை ஏறிடுச்சுன்னு அர்த்தமா?"

"பூனை நல்லா தூங்குது, லாட்டிமர். இந்தப் பனியில வெளியில படுத்துக்க அதுக்கென்ன பைத்தியமா?"

கிழவர் அவளை முறைத்துவிட்டு உள்ளே போய், துளை அடைத்ததற்கான சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்து, முத்திரை, தேதி என்று ஒவ்வொன்றாக அவள் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"மோந்து வேணா பாரு. நான் ரெண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கிட்டு நடுங்கறேன். அந்தக் கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தியா? வேலிக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி ஹாமுவேராவின் வீடு. துளைகளை அடைக்க வேண்டும் என்று ஊர் மண்டபத்தில் எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் அவன்தான்.

அவள் சுற்றிக்கொண்டு போனாள். கொட்டகையில் விறகு கூரைவரை அடுக்கியிருந்தது. இலையுதிர்காலத்தில் அவளே இறக்க உதவிய விறகு. முகப்பில் ஒரு சிலந்தி அறுபடாத வலை பின்னி, நடுவில் உட்கார்ந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால், தகரத்துக்கு அடியில், மெல்ல ஆவி கசிந்தது. அரசுக்காரர்கள் அடைத்தது முன்வாசல் துளையை. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது.

ஹாமுவேரா வெறும் சட்டையோடு வெளியே வந்தான்.

"என்னக்கா, இவ்வளவு காலையில? தேநீர் குடிக்கறியா?"

"விறகே எரிக்காம வீட்டைச் சூடாக்கற வித்தையை எனக்கும் சொல்லிக்குடேன்டா."

அவன் சிரிக்க முயன்றான். பிறகு உள்ளே உறங்கும் மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். "அனிவாவுக்கு மூச்சிரைப்பு. விறகுப் புகை ஆகாது. ஒரே ஒரு வீடுக்கா. கடல்ல ஒரு குவளை மொண்டா கடல் வத்திடுமா?"

"நீ மொள்றது குவளை. சாக்கடையில கொட்டறது குடம் குடமா. குழாயை மூடினா சுண்ணாம்பு அடைச்சுக்கும்னுதானே ராப்பகலா ஓட விட்டிருக்கே? லாட்டிமர் பூனைக்கு மெத்தை போட்டுக் குடுத்திருக்கே."

"நீ மட்டும் யோக்கியமா? இருபது வருஷம் உன் வீட்லயும் ஓடிச்சு. உன் குளியலறையில நாங்க சூடு காஞ்சதில்லையா?"

அது உண்மை. புகார் எழுதவா, வேண்டாமா என்று அவள் மூன்று நாள் அல்லாடினாள். அனிவாவின் இரைப்பு உண்மையா என்றுகூட ஒரு கணம் சந்தேகித்துப் பிறகு வெட்கப்பட்டாள்.

நான்காம் நாள் ஊரில் ஒரு முதியவர் இறந்தார். வெளியூரிலிருந்து இருநூறு பேர் வந்தார்கள். ரஹேரா, ஊற்றில் இறக்கும் சோளப் பையின் கயிற்றைத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு நீ இறக்கு. நீயே கொண்டுபோய் வை."

கயிறு போதவில்லை, இன்னொரு முழத்தை முடிச்சிட்டு நீட்டினான். வழக்கமான நேரத்தைவிட இருமடங்கு காத்திருந்தும் சோளம் அரைவேக்காடாகவே வந்தது. பந்தியில் கடித்துப் பார்த்த ஒரு வெளியூர்க் கிழவி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, இது மனுஷனுக்கா, குதிரைக்கா? உங்க பானை செத்துப்போச்சா?"

சுற்றிலும் சிரித்தார்கள். ஹாமுவேரா தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தான். காது மடல் வரை சிவந்திருந்தான்.

திங்கட்கிழமை அவன் தானே அதிகாரிகளை அழைத்தான். கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் இறங்கியது. அபராதத்தில் பாதியை ரஹேரா ஏற்றாள். அனிவாவுக்குப் புகையில்லாத மின்கணப்பு ஒன்றை வாங்கி வைத்தாள்.

ஆகஸ்டு இறுதியில் கோஹுவா கீழ்க்கோட்டுக்கு மேல் ஒரு விரல் ஏறியது. ஊரார் மகிழ்ந்தார்கள். ரஹேரா மட்டும், அந்த வாரம் மழை பெய்ததே என்றாள்.

மறுநாள் விடியலில் லாட்டிமரின் புல்வெளி முழுதும் வெளுத்திருந்தது. பூனை சன்னலுக்கு உள்ளே இருந்து அவளைக் கசப்போடு பார்த்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ரஹேரா, அவர் வாசலில் ஒரு புட்டி கூடுதலாக வைத்தாள். கிழவர் வெளியே வந்து அதை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூடியை ஆராய்ந்தார்.

"இதுல என்ன கலந்திருக்கே?"

"பால்தான், லாட்டிமர்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ரஹேரா வேலியோரம் குனிந்து, உறைந்த புல்லில் உள்ளங்கையைப் பதித்துப் பத்துவரை எண்ணினாள். விரல்கள் மரத்துப்போயின. கையை உதறிக்கொண்டு எழுந்தவள், வண்டியில் ஏறுமுன் அடுத்த வீட்டுப் புல்லையும் ஒருமுறை பார்த்துவைத்தாள்.